புத்தகப் பெட்டி நின்ற இடம்

1

என் கதை ஒன்றைப் பாதிவரை கேட்ட ஒரு பெண், மீதியைக் கேட்பதற்காகக் கடல் கடந்து வந்தார்.

(கடல் என்பது மிகை. போர்ட் கொச்சிக்கும் எர்ணாகுளத்துக்கும் நடுவில் இருப்பது காயல். படகேறி, பக்கத்திலிருப்பவரிடம் ஊர்ப்பேச்சு பேசி முடிப்பதற்குள் கரை வந்துவிடும். ஆனாலும் முதல் வாக்கியத்தில் கடல் இருந்தால் எடுப்பாக இருக்கிறது. இருக்கட்டும்.)

அவர் பெயர் ஒச்சம்மாள். போர்ட் கொச்சியை ஒட்டிய மட்டாஞ்சேரியில் நகரசபை வேலைக்காரர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், மகன் அஜீஷோடும் மருமகள் மஞ்சுஷாவோடும் வசிப்பவர். தெரு கூட்டும் வேலை பார்த்தவர். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, ஓரத்திலிருந்து இருட்டு உள்ளே வந்து வந்து, ஐம்பது வயதில் பார்வை முழுதும் போயிற்று. அவருக்குப் படிக்கத் தெரியாது. பார்வை இருந்த காலத்திலும் தெரியாது.

கடைசியாக எழுதிய அந்தச் சின்ன வாக்கியம்தான் என்னை இந்தக் கதைக்குள் இழுத்தது. கண் இருந்தபோது ஒரு புத்தகத்தையும் திறக்காதவர், கண் போன பிறகு தன் வாழ்க்கையின் முதல் புத்தகத்துக்குள் நுழைகிறார். அங்கே அவர் என்ன பார்த்தார்? எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய ஆசை உண்டா என்று தெரியவில்லை.

இதில் வருவதெல்லாம் ஒச்சம்மாளும் மஞ்சுஷாவும் நூலகத்து நீலாம்பாளும் என்னிடம் சொன்னவை. அஜீஷ் எதுவும் சொல்லவில்லை. அவன் மனசுக்குள் ஓடியதாக நான் எழுதும் இடங்களை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு வாசியுங்கள்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"2009ஆம் ஆண்டின் கர்க்கடக மாத மழை மட்டாஞ்சேரியின் ஓடுகள் மீது..."

நிறுத்திவிட்டேன். கேரளத்தில் நடக்கும் கதைகளில் பாதி மழையில் தொடங்குகின்றன. மழைக்கு இந்தக் கதையில் வேலை இருக்கிறது. அதன் முறை வரும்போது வரட்டும்.

இரண்டாவது தொடக்கம்:

"அது ஒரு கறுப்புக் கருவி. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. மேலே தடவினால் தட்டுப்படும் பொத்தான்கள். பின்புறம் ஒலிபெருக்கி. பக்கவாட்டில் நினைவக அட்டை செருகும் துளை..."

இது கருவியோடு வரும் காகிதத்தில் இருக்க வேண்டிய வாக்கியம். ஆனாலும் அடிக்காமல் விடுகிறேன், ஏனென்றால் கருவி எப்படியிருந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். எர்ணாகுளத்தில் பார்வையற்றவர்களுக்காகப் பேசும் புத்தகங்களை இரவல் கொடுக்கும் ஒரு சிறிய நூலகம் இருக்கிறது. என்னைப் போன்ற சிலர் அங்கே போய்ப் புத்தகங்களை ஒலிவாங்கி முன்னால் வாசித்துப் பதிவு செய்வோம். அந்தப் பதிவுகளைக் கேட்கும் கருவிகள் அப்போது அங்கே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன. ஒருவர் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தவருக்குக் கிடைக்கும். கண் மருத்துவமனையில் யாரோ சொல்லி, நீலாம்பாள் ஒச்சம்மாளுக்கு ஒரு கருவியைக் கொடுத்தார். தமிழ்ப் புத்தகங்கள் நிறைந்த ஓர் அட்டையும் அதனோடு போனது.

வாங்க வந்த மஞ்சுஷாவிடம் நீலாம்பாள் சொன்னது ஒன்றே ஒன்று. தூசியும் ஈரமும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

3

ஒச்சம்மாளுக்குப் புத்தகம் என்றால் என்னவென்று தெரியாமல் இல்லை. பஜார் ரோட்டில் எத்தனையோ வருடம் கூட்டியிருக்கிறார். பள்ளிக்கூடம் அடைக்கும் மாதத்தில் கிழிந்த பாடப் புத்தகங்கள் ஓடையோரம் குவியும். நனைந்தால் கனக்கும் குப்பை அது. துடைப்பத்துக்கு அடங்காது, கையால் அள்ள வேண்டும். அதற்குள் ஆட்கள் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

முதல் நாள், புத்தகப் பெட்டி என்று அவர் பெயர் வைத்துக்கொண்ட அந்தக் கருவியில், ஒரு கதையைப் பாதி கேட்டு நிறுத்தினார். மறுநாள் பொத்தானை அழுத்தியதும் அதே சொல்லிலிருந்து குரல் தொடர்ந்தது. அவர் திடுக்கிட்டுக் கருவியை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"மோளே, நாம நிறுத்துனா அவரு அங்கனயே நிக்கிறாரா?"

"அது மிஷினாக்கும் அத்தே" என்றாள் மஞ்சுஷா.

அந்தப் பதில் ஒச்சம்மாளுக்குப் போதவில்லை. வாசிக்கிற ஆள்தான் எழுதின ஆளா? கதையில் செத்துப்போனவன் நிசமாகவே செத்துப்போனானா, இல்லை இவர் சாகடித்தாரா? ஒரே ஆள் எப்படிக் கிழவிக்கும் போலீஸ்காரனுக்கும் பேசுகிறார்? அட்டையைக் கழற்றி விரலால் தடவிப் பார்த்தார். நகத்தளவு தகட்டில் அத்தனை பேர் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டார். மஞ்சுஷா பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் அவளே உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தாள். அவளுக்கும் தமிழ் பேச்சில் மட்டும்தான். பள்ளியில் படித்தது மலையாளம். தமிழில் ஒரு கதையை முழுதாகக் கேட்பது அவளுக்கும் அதுதான் முதல் தடவை.*

* இந்த விவரத்தை மஞ்சுஷா என்னிடம் சொன்னபோது அவள் குரலில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. அவளை இந்தக் கதையில் வெறும் மருமகளாக நிறுத்தி வைக்கலாம் என்றிருந்தேன். அதற்குப் பிறகு முடியவில்லை.

4

அஜீஷ் ஏலூரில் ஓர் உரத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. மூட்டை கட்டும் பிரிவு. உரத்துக்கு ஈரக்காற்று பட்டால் கட்டிதட்டிப் பாறையாகிவிடும். அதனால் சாக்குக்குள் ஒரு பிளாஸ்டிக் உள்ளுறை இருக்கும், அதன் வாயைக் காற்றுப் புகாமல் ஒட்டிவிடுவார்கள். அவன் பகலெல்லாம் பார்ப்பது அதைத்தான்.

வீட்டுக்குள் வந்த கருவியைப் பார்த்ததும் அவனுக்கு வேறென்ன தோன்றும்? அந்த வீட்டைச் சுற்றி இருப்பவற்றை நீங்களும் எண்ணிப் பாருங்கள். பின்புறம் சுக்கும் மிளகாயும் அடுக்கிய கிடங்கு. மூட்டை இறக்குகிற நாளில் தெருவே தும்மும். உள்ளே மண்ணெண்ணெய் அடுப்பின் கரி. சுவரில் எறும்புச் சாரை. காயலில் நீரேற்றம் பெருத்தால் வாசல்படிவரை வரும் ஓடைத் தண்ணீர். அவன் ஒரு புது உள்ளுறையை வாங்கி வந்து, கருவிக்கு அளவாக வெட்டி, இரண்டு மடிப்பாகச் சுற்றி, ஒட்டு நாடாவால் மூடி, இரும்பு அலமாரிக்கு மேல்தட்டில் வைத்தான். ஞாயிற்றுக்கிழமை அவனே எடுத்துக் கொடுப்பான். கேட்டு முடித்ததும் அவனே சுற்றி வைப்பான்.

"நம்ம கையில வந்து கேடாச்சுன்னு ஒருத்தனும் பறயக் கூடாது" என்று சொன்னானாம்.

அவன் சொன்ன 'நம்ம'வில் என்ன இருந்தது என்று அந்த வரிசை வீடுகளில் பிறந்தவர்களுக்குத் தெரியும். அவர்கள் தொட்ட பொருளைத் தண்ணீர் தெளித்து எடுத்த ஆட்களை அவன் சின்ன வயதில் பார்த்திருக்கிறான். கருவி எப்படி வந்ததோ அதைவிடச் சுத்தமாகத் திரும்பிப் போக வேண்டும் என்று அவனுக்கு இருந்தது.

அம்மாவையும் அவன் அப்படித்தான் பார்த்துக்கொண்டான். பார்வை போனதிலிருந்து ஒச்சம்மாள் வாசல் தாண்டவில்லை. தெருவில் வண்டி, படியில் வழுக்கல், ஓடைக்கு மூடி இல்லை. எல்லாம் நியாயமான காரணங்கள்.

[இங்கே ஓர் உவமை தயாராகக் கைகட்டி நிற்கிறது. நான் அதை எழுதப்போவதில்லை. நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். நாம் இருவரும் கண்டுகொள்ளாமல் போய்விடலாம்.]

வாரத்தில் ஒரு நாள் என்பது ஒச்சம்மாளுக்குத் தாங்கவில்லை. திங்கள் முதல் சனி வரை கதையில் ஒருவன் கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டிருந்தால் இவருக்குச் சோறு இறங்குவதில்லை. ஒரு திங்கட்கிழமை, அஜீஷ் வேலைக்குப் போனதும், மஞ்சுஷா முக்காலி போட்டு ஏறிப் பொதியை எடுத்தாள். யார் முதலில் சொன்னது என்று இருவரும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. அதற்குப் பிறகு தினமும் எடுத்தார்கள். அவள் மத்தி கழுவிக்கொண்டே கேட்பாள், துணி அலசிக்கொண்டே கேட்பாள். அஜீஷ் வருகிற நேரம் நெருங்கினால் சட்டென்று கையை உதறிவிட்டு, கருவியைப் பழையபடி சுற்றி, புது நாடா ஒட்டி மேலே வைத்துவிடுவாள்.

மழை வலுத்தது.

5

இனி என் கதை வருகிறது. இந்தக் கதை அல்ல. அட்டைக்குள் இருந்த கதை.

அதில் ஓர் அண்ணியும் நாத்தனாரும். பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு நாள் வைப்பின் தீவுக்குப் போகும் படகில், வேறு ஆளில்லாத நேரத்தில், எதிரெதிரே உட்கார வேண்டியதாகிறது. நடுக்காயலில் எஞ்சின் நின்றுவிடுகிறது. படகுக்காரர் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்க்கிறார். சுற்றிலும் அமைதி. அண்ணி தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் ஒண்ணு கேக்கணும்" என்கிறாள்.

அந்தச் சொல்லோடு கருவி நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை பகல். பொத்தானை எத்தனை தடவை அழுத்தியும் மூச்சில்லை. மின்சாரம் ஏற்றிப் பார்த்தார்கள். அப்போதும் இல்லை.

ஏன் நின்றது? முதல் வரைவில் ஓடைத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறி அலமாரியைச் சாய்த்தது. நன்றாக எழுதியிருந்தேன், ஆனால் அந்த வருடம் தண்ணீர் உள்ளே வரவில்லை. இரண்டாவது வரைவில் எலி. அதுவும் பொய். நடந்தது இவ்வளவுதான்: மின்சாரம் ஏற்றிய சூடு ஆறுவதற்குள், மழைக்காற்றோடும் ஈரக்கையோடும் சேர்த்து அதை இறுகச் சுற்றிவிட்டார்கள். உள்ளே வேர்த்தது. வேர்த்தது வெளியே போக வழியில்லை. மின்கல முனைகளில் பச்சை பூத்தது. உறை அஜீஷுடையது, கை மஞ்சுஷாவுடையது, ஆசை ஒச்சம்மாளுடையது. காற்றுப் புகாத உறைக்குள் ஈரம் முதலிலேயே புகுந்திருந்தால் என்ன ஆகும் என்று மூவருமே யோசிக்கவில்லை. நானாக இருந்தாலும் யோசித்திருக்க மாட்டேன்.

6

ஞாயிற்றுக்கிழமை அஜீஷ் பொதியைப் பிரித்தான். நாடா தன் கையால் ஒட்டியதல்ல என்று அன்றுதான் கவனித்தான். கருவி பேசவில்லை. யார் எடுத்தது என்று கேட்டான்.

"நான்தான்" என்றார் ஒச்சம்மாள்.

"அம்மைக்கு மேல்தட்டு எட்டுமா?"

"முக்காலி போட்டேன்."

கண் தெரியாத அம்மா முக்காலி போட்டு ஏறியதாகச் சொன்னதை அவன் நம்பினான் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நம்பாமல், ஆனால் நம்பியது போல அவரைத் திட்டினான் என்று வைத்துக்கொள்கிறேன். விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கத்தினான். மஞ்சுஷா அடுப்படியில் நின்றாள். அவள் ஒரு சொல் பேசியிருந்தால் போதும். பேசவில்லை. என்ன சொல்லத் தொடங்கினாலும் அது அத்தையைப் பொய்க்காரியாக்கிவிடும் என்று நினைத்ததாக என்னிடம் சொன்னாள். பிறகு, பயந்துபோயிருந்தேன் என்று அவளே திருத்திக்கொண்டாள்.

அஜீஷின் யோசனை இது: துடைத்து, பெட்டியில் போட்டு, கெடு முடிந்துவிட்டது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஓடவில்லை என்று நாமாகச் சொல்ல வேண்டாம். கண்டுபிடித்தால் பிறகு பார்க்கலாம்.

ஒச்சம்மாளுக்கு அது காதில் ஏறவில்லை. அவருக்கு வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த அண்ணி என்ன கேட்டாள்? வீட்டுக்கு வருகிற போகிறவர்களிடமெல்லாம் கதையைச் சொல்லிக் கேட்டார். பக்கத்து வீட்டு ராசப்பன், நகை விஷயமாகத்தான் இருக்கும் என்றார். எதிர்வீட்டுக் கிழவி, செத்துப்போன அண்ணனைப் பற்றி என்றாள். அஜீஷ், இதுக்கெல்லாம் உத்தரம் உண்டா என்று எழுந்துபோனான். மஞ்சுஷா மட்டும், "அவ எதையும் கேக்கலன்னாலும் நாத்தனாரு பறஞ்சிருக்கணும்" என்றாள்.

ஒச்சம்மாள் அவள் குரல் வந்த திசையில் கொஞ்ச நேரம் முகத்தை வைத்திருந்தாராம்.

மறுநாள் காலை, மகன் வேலைக்குப் போன பிறகு, அவர் தன் பழைய நீலச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு கருவிப் பொதியோடு வாசலில் வந்து நின்றார். "நடக்கு. எர்ணாகுளம் போவாம்" என்றார்.

7

நூலகத்தில் நீலாம்பாள் பிளாஸ்டிக்கைப் பிரித்ததும் ஒரு புழுங்கிய வாடை வந்தது என்றார். மின்கல மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். ஒச்சம்மாள் எதையும் மறைக்கவில்லை. உறை, அலமாரி, தினமும் எடுத்தது, மழை. மஞ்சுஷாவின் கையை மட்டும் சொல்லவில்லை.

"மூடி வச்சதுதான் ஆபத்தாயிடுத்து" என்றார் நீலாம்பாள். "பருத்தித் துணியில ஒரு பை போதும். தினம் கொஞ்ச நேரம் ஓடட்டும். அந்தச் சூட்டுல ஈரம் தங்காது." பழுது பார்க்க வெளியூர் அனுப்ப வேண்டும், திரும்பி வந்தால் யாருக்குக் கொடுப்பது என்பதை நிர்வாகக் குழு முடிவு செய்யும், என்ன நடந்தது என்று தான் அவர்களுக்கு எழுதியாக வேண்டும் என்பதையும் சொன்னார். மஞ்சுஷாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அது போவட்டும் டீச்சரே" என்றார் ஒச்சம்மாள். "அந்த போட்ல அண்ணிக்காரி என்னா கேட்டா?"

நீலாம்பாளுக்குக் கதை நினைவில்லை. எனக்குத் தொலைபேசினார். நான் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறேன்.

அறைக்குள் நுழைந்து வணக்கம் சொன்னதும், நடுநடுவே இருமுகிற ஆள் நீங்கள்தானா என்று ஒச்சம்மாள் விசாரித்தார். ஆமாம் என்றேன். பதிவில் மூன்று இடத்தில் இருமியிருக்கிறேன். நான்காவதை நீலாம்பாள் வெட்டிவிட்டார். ஒச்சம்மாள் கைகளை மடியில் கோத்துக்கொண்டு தயாரானார். நான் என் கதையின் கடைசிப் பத்தியை மனப்பாடமாகச் சொன்னேன்:

"'கேளுங்க' என்றாள் நாத்தனார். அந்த நொடியில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அண்ணியின் உதடுகள் அசைந்தன. சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. படகு கரையை நோக்கித் திரும்பியது."

(இந்த முடிவுக்காக எனக்கு இரண்டு பாராட்டுக் கடிதங்கள் வந்தன. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்று தெரியவில்லை.)

"அப்புறம்?" என்றார் ஒச்சம்மாள்.

"அவ்வளவுதான்மா."

"என்னா கேட்டா?"

அதைக் கேட்பவர்களே யோசித்துக்கொள்ள வேண்டும் என்று நான் ஏதோ சொன்னேன். அவர் குறுக்கிட்டு, சாருக்குத் தெரியுமா தெரியாதா என்றார். தெரியாது என்று ஒப்புக்கொண்டேன்.

அவர் கோபப்படவில்லை. உண்மையிலேயே புரியாமல், எனக்கு உதவுகிற குரலில் பேசினார். "எஞ்சின் ஓடுனா ஓடட்டும் சாரே. எந்திரிச்சு வந்து காதுக்குப் பக்கத்துல கேக்க மாட்டாளா? இத்தனை வருசம் வயித்துல வச்சிருந்தது. ஒரு சத்தத்துக்காக விட்டுட்டுப் போவாளா?"

நான் இருமினேன். அன்று எனக்கு இருமல் இல்லை.

8

திரும்பிப் போகும் படகில் என்ன நடந்தது என்பதை நான் பார்க்கவில்லை. இந்த இடத்துக்கு மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். காயலில் துறைமுகக் கப்பல்கள், ஒச்சம்மாளின் முகத்தில் உப்புக்காற்று, இரண்டு வருடத்துக்குப் பிறகு வெளியில் வந்தவரின்...

அந்தப் பக்கங்களை விட்டுவிட்டேன். மஞ்சுஷா பிற்பாடு சொன்னதை மட்டும் தருகிறேன். எஞ்சினுக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. நல்ல சத்தம். பாதி வழியில் ஒச்சம்மாள் எழுந்தார். இவள் பிடிப்பதற்குள் கம்பியைத் தடவிக்கொண்டே வந்து இவள் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து, காதோடு வாய் வைத்து ஒன்று கேட்டார்.

"என்ன கேட்டாங்க?" என்றேன்.

"அது எனக்குள்ளதாக்கும் சாரே. எழுத வேண்டா."

"நீ என்ன சொன்னே?"

"ஆமான்னேன்."

அன்று சாயங்காலம் அஜீஷ் வந்து சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே, ஈரக்கையோடு தினமும் சுற்றி வைத்தது தான்தான் என்று மஞ்சுஷா சொல்லிவிட்டாள். எர்ணாகுளம் போய்வந்ததையும் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றி மாட்டினான். பிறகு அம்மாவிடம் போய், போட்டில் ஏறும்போது யார் கையைப் பிடித்தது என்று கேட்டான். கம்பியப் பிடிச்சேன் என்றார் அவர். அவன் மிச்சமிருந்த உள்ளுறையை எடுத்துக்கொண்டு கூரைமேல் ஏறி, மழை ஒழுகுகிற ஓட்டுக்கு அடியில் விரித்து விட்டு இறங்கினான்.

(அவன் மன்னித்தான், மனம் மாறினான் என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். ஓட்டுக்கு அடியில் விரித்தான் என்பதுதான் எனக்கு உறுதியாகத் தெரியும்.)

9

குழு கூடியது. வேறு வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். எந்த மாதிரி வீடு என்று நீலாம்பாள் கேட்டதும், அடுத்த விஷயத்துக்குப் போகலாம் என்றார் அவர். பழுது நீங்கி வந்த கருவி ஓணம் கழிந்து ஒச்சம்மாளிடமே போனது.

டிசம்பரில் ஒரு நாள் ஜூ டவுன் (யூதர் தெரு) பக்கம் வேலை இருந்தது. அப்படியே வரிசை வீடுகளுக்குப் போனேன். மஞ்சுஷா சாயா போட்டுக் கொடுத்தாள். படகில் நடந்ததை அப்போதுதான் சொன்னாள். அத்தை எங்கே என்று கேட்டதற்கு, பைப்படியில் என்றாள்.

குடத்தோடு தண்ணீருக்குக் காத்திருக்கும் பெண்கள் நடுவில் ஒச்சம்மாள் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் துணிப்பை. பைக்குள்ளிருந்து என் குரல் வந்துகொண்டிருந்தது. சுக்குக் கிடங்கில் மூட்டை இறக்கும் நாள் போலிருக்கிறது, இரண்டு பெண்கள் தும்மினார்கள். படகு நடுக்காயலில் நின்றது. அண்ணி தொண்டையைச் செருமினாள். நான் ஒண்ணு கேக்கணும் என்றாள்.

ஒச்சம்மாள் பொத்தானை அழுத்தி நிறுத்தினார். குடங்களுக்கு நடுவே வாக்குவாதம் ஆரம்பித்தது. நேற்று ஒருத்தி சொன்ன பதிலை இன்று இன்னொருத்தி மறுத்தாள். என் கடைசிப் பத்தியை அவர்கள் யாரும் கேட்டதேயில்லை என்பது எனக்கு அப்போது புரிந்தது. ஒச்சம்மாள் அதை ஓடவிடுவதே இல்லை.

நான் வந்திருப்பதை மஞ்சுஷா சொன்னாள். பெண்கள் சட்டென்று பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி, அண்ணி என்ன கேட்டாள் என்று என்னிடமே கேட்க வாயெடுத்தாள்.

"அவருகிட்ட கேக்காதீங்க" என்றார் ஒச்சம்மாள். "எழுதுனது அவருதான். ஆனா அவருக்குத் தெரியாது."

பிறகு நான் நின்ற பக்கம் திரும்பி, கல்லில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். நான் போய் உட்கார்ந்தேன். குழாயில் தண்ணீர் வரும்வரை நேரம் இருந்தது. உங்களுக்கும் ஒரு பதில் இருக்குமானால் வாருங்கள். கல்லில் இன்னும் ஓர் ஆளுக்கு இடமிருக்கிறது.